தனி இல்லாத கச்சேரிகள்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணில் கிடந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் கூடத்தில் இறக்கி வைத்திருந்தோம். என் பேத்தி அதில் ஒன்றைக் குடைந்து ஒரு கேசட்டை எடுத்தாள். அதன் முதுகில் என் கையெழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, 'தனி இல்லை'ன்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

கச்சேரியில் பெரிய உருப்படி முடிகிற இடத்தில் பாடகர் ஓய்வெடுத்துக்கொள்வார், மிருதங்கக்காரர் தனியாக வாசிப்பார், அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், இந்தக் கேசட்டில் அது இல்லை என்று சொன்னேன். "ஏன் இல்லை?" என்று அடுத்த கேள்வி. "டேப் போதவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதலில் பாட்டைப் பிடித்தது 1902-இல், கல்கத்தாவில். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு நம் சங்கீதத்துக்குக் கிடைத்த இடம் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். கோயில் வீதியில் மணிக்கணக்கில் தோடி வாசித்த ராஜரத்தினம் பிள்ளை, தட்டில் வாசிக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிஷத்தில் முடித்தாக வேண்டும். அந்தத் தட்டும் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கச்சேரி இல்லை. வித்வான் சபையைப் பார்த்துவிட்டு, பக்கவாத்தியக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அன்றைய தொண்டை இடம் கொடுத்த அளவுக்கு மூன்று நாலு மணி நேரம் பாடுவதுதான் கச்சேரி. அது பாடி முடித்ததும் காற்றோடு போயிற்று. நேரில் கேட்டவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் உண்டு.

1938-இல் சென்னை வானொலி நிலையம் வந்தது. 1952-இலிருந்து தேசிய சங்கீத நிகழ்ச்சி வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி பெரிய வித்வான்களைக் கேட்கலாம் என்று ஆயிற்று. ஆனாலும் கேட்டது கேட்டதோடு சரி. நிலையத்திலேயே டேப் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிந்த டேப்பை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது உண்டு. எவ்வளவு போயிற்றோ!

இந்த இடத்தில்தான் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் உள்ளே வருகிறது. கிரண்டிக், பிலிப்ஸ், பிறகு அகாய். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் சென்னையில் இதை வைத்திருந்தவர்கள் யார்? டாக்டர்கள், வக்கீல்கள், கம்பெனி அதிகாரிகள், வெளிநாடு போய் வந்த இன்ஜினீயர்கள். சாமான்யர்கள் வாங்கக்கூடியதல்ல. அவர்களில் சங்கீதப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாணக் கச்சேரிக்கும் சபாவுக்கும் போனார்கள். மற்றவர்கள் வீட்டு ரேடியோவிலிருந்தே வயர் இழுத்துப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு நாம் மதுரை மணி ஐயரைக் கேட்கிறோம், ஜி.என்.பி.யைக் கேட்கிறோம், அரியக்குடியைக் கேட்கிறோம் என்றால், அதில் பெரும் பங்கு இந்த மாதிரித் தனி ஆட்கள் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. ஜி.என்.பி. 1965-இல் போய்விட்டார், அரியக்குடி 1967-இல், மணி ஐயர் 1968-இல். மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கும் முன்னால், 1962-இல். கேசட் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஸ்பூல் ஒன்றுதான் இவர்களுக்கும் நமக்கும் நடுவில் இருந்த கயிறு.

அந்த ஸ்பூலின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி டேப். விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் வேகத்தில் ஓடினால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிஷம், திருப்பிப் போட்டால் இன்னொரு 64. நாலு மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு ஸ்பூல் வேண்டும். டேப் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது. ஆகவே பதிவு செய்கிறவர் என்ன செய்வார்? சுருதி சேர்க்கும்போது நிறுத்தி வைப்பார். வானொலியில் அறிவிப்பாளர் பேசும்போது நிறுத்தி வைப்பார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கட்டாயம் நிறுத்தி வைப்பார்! பாட்டுப் பைத்தியங்கள் பலருக்குத் தனி என்றால் காபி குடிக்கப் போகும் நேரம்தானே. சபாவில் எழுந்து போன அதே ஆள், வீட்டில் பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான்.

அதன் பலனைத்தான் நாம் அனுபவிக்கிறோம். பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்டுப்பாருங்கள். விஸ்தாரமாக ஆலாபனை இருக்கும், கீர்த்தனை இருக்கும், நிரவல் இருக்கும், ஸ்வரம் இருக்கும். ஸ்வரம் உச்சத்துக்குப் போய் முடிந்து, கோர்வை விழுந்து, கைதட்டல் கேட்கும். அப்புறம் ஒரு 'டக்'. உடனே பாடகர் பல்லவியை எடுத்து முடிப்பார். நடுவில் இருந்த பதினைந்து இருபது நிமிஷத்து லய வித்தை எங்கே? கச்சேரியில் மைக் வைப்பதையே எதிர்த்த பாலக்காடு மணி ஐயருடைய தனிகள்கூட இப்படித்தான் பல டேப்புகளில் வெட்டுப்பட்டிருக்கின்றன. பாடகர்களின் சரித்திரம் ஓரளவு மிஞ்சியது. மிருதங்கக்காரர்களின் சரித்திரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைப் போட்டவர்கள் சங்கீதத்தின் எதிரிகள் இல்லை, ரசிகர்கள்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கத்தில் நூலகராக இருந்த மேப்பிள்சன் என்பவர் 1901 முதல் 1903 வரை, மேடையில் நடந்த ஆப்பராக்களை எடிசன் மெழுகு உருளையில் பிடித்துவைத்தார். ஒரு உருளைக்கு இரண்டு நிமிஷம்தான். ஆகவே எல்லாம் துண்டு துண்டு. அதே அமெரிக்காவில் 1947, 48-இல் டீன் பெனடெட்டி என்று ஒரு ஜாஸ் பைத்தியம். சார்லி பார்க்கர் சாக்ஸபோன் வாசிப்பதைப் பதிவு செய்வதற்காகவே கிளப் கிளப்பாகப் போனார். பார்க்கர் வாசிக்கும்போது பொத்தானைப் போடுவார், கூட வாசிப்பவர் முறை வந்ததும் அணைத்துவிடுவார். அந்தப் பதிவுகள் 1990-இல் வெளியே வந்தன. கேட்டால் பார்க்கர் மட்டும் பொழிகிறார், மற்றவர்களைக் காணோம். நம் மாம்பலத்து மாமாக்களும் அந்த பெனடெட்டியும் ஒரே ஜாதி!

நம் பேட்டைக்கு வருகிறேன். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை உலகத்துக்குக் காட்டியது 1963-இல், பெர்லின் கண்காட்சியில். அம்பத்தூருக்கு அது பரவலாக வந்தது 70-களின் கடைசியில்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களின் மச்சான்களும் தம்பிகளும் வளைகுடா போய், திரும்பும்போது தோளில் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் தொங்க வந்து இறங்கினார்கள். கேசட் வாங்க பர்மா பஜார். டி.டி.கே., சோனி, மேக்ஸெல் என்று சொன்னாலே மரியாதை. நம் நாட்டு மெல்ட்ராக்கும் உண்டு. போலியும் உண்டு, மேலே சோனி, உள்ளே யாரோ பெற்ற பிள்ளை. சி-90 ஒன்று வாங்கினால் அந்த வாரம் காய்கறிக் கணக்கில் இடிக்கும். சி-120 பக்கமே போகாதே என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். டேப் மெல்லிசு, சிக்கிக்கொண்டால் சேவைநாழியில் இருந்து வருவது போலக் கொத்தாக வெளியே வரும். பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரி செய்யாத கை நம் தலைமுறையில் உண்டா?

1977-இல் சென்னையில்தான் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு ஆரம்பித்தது. எஃப்.எம். உள்ள செட் வைத்திருந்தவர் ராஜா. எங்களைப் போன்றவர்கள் மீடியம் வேவில் கொரகொரப்போடு பிடித்தோம். 'வானொலி' பத்திரிகை வந்ததும் எந்தத் தேதியில் யார் கச்சேரி என்று பார்த்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவது முதல் வேலை. கச்சேரி நேரத்தில் வீட்டில் ஊரடங்குச் சட்டம். அப்படியும் என்னிடம் இருக்கும் ஒரு காம்போதி ஆலாபனையில் மூன்று குக்கர் விசில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ரேடியோவிலிருந்து நேரே பதிவு செய்யும் வசதி இல்லாத காலத்தில் மைக்கை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பிடித்தது.

தன்னிடம் இருப்பது போதாது என்று தோன்றும்போதுதான் பரிமாற்றம் ஆரம்பிக்கிறது. ஒரு நோட்டில் பட்டியல் எழுதுவோம். எம்.எம்.ஐ., எஸ்.எஸ்.ஐ., எம்.டி.ஆர்., கே.வி.என். என்று எல்லாம் இனிஷியல்தான். பக்கத்தில் வயலின், மிருதங்கம், வருஷம், இடம், பிறகு குறிப்பு: 'இரைச்சல்', 'ஆரம்பம் இல்லை', 'துக்கடா இல்லை', 'தனி இல்லை'. அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து ஒருவருக்கொருவர் கொடுப்போம், வெளியூருக்குத் தபாலில் அனுப்புவோம். உங்களிடம் இல்லாதது என்னிடம் இருந்தால், எனக்கு இல்லாதது உங்களிடம் இருந்தால், பேச்சு ஆரம்பம். வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுக்க வேண்டியது கேட்கிறவர் பொறுப்பு. காசு வாங்குவது மட்டும் கூடாது. எழுதாத சட்டம் அது. காசு வாங்கினார் என்று பெயர் வந்தால் அவர் கதவை அப்புறம் யாரும் தட்ட மாட்டார்கள்.

காசு இல்லையே தவிர, மற்ற எல்லா அல்பத்தனமும் உண்டு. அள்ளிக் கொடுப்பவர்கள் சிலர் இருந்தார்கள். புதிதாக வந்த சின்னப் பையனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், "வெச்சுக்கோ, நல்லாக் கேளு" என்று பத்துக் கேசட் கொடுத்து அனுப்புவார்கள். வேறு சிலர் பூதம் காத்த புதையல் ஆசாமிகள். பட்டியலைக் காட்டுவார்கள், கேட்க விடுவார்கள், நகல் மட்டும் கிடையாது. தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு சுகம். ஊரில் வேறு யாரிடமாவது அதே கச்சேரி இருக்கிறது என்று தெரிந்தால் முகம் வாடிவிடும். நான் எந்த ரகம் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

நகல் எடுக்க நேரம் பிடிக்கும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் ஓட்டியாக வேண்டும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், தம்பூரா மங்கும். மெல்லிய டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு, பாடகர் எடுப்பதற்கு முன்பே அவருடைய ஆவி எடுக்கும்! இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை சுருதி. பதிவு செய்யும்போது பாட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகி, சுருதி ஏறிவிடும். வேகத்தில் நூற்றுக்கு ஆறு வித்தியாசம் வந்தாலே அரைக் கட்டை போச்சு. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சில ஸ்பூல் மெஷின்கள் இன்னும் மோசம். அவை 60 சைக்கிள் கரண்டுக்குச் செய்தவை. இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் சைக்கிள் மாறாது, மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும். அதில் பதிவு செய்ததை வேறு மெஷினில் போட்டால் ஒன்றரைக் கட்டை ஏறி, அறுபது வயது வித்வான் பாலகன் மாதிரிப் பாடுவார். அந்த நகலைக் கேட்டு வளர்ந்த பையன்கள், 'அந்தக் காலத்தில் என்ன துரித காலம்!' என்று வியந்ததும் உண்டு. வியந்ததில் பாதி மோட்டாருக்குச் சேர வேண்டியது.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஹெட்டைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, குட்டி ஸ்க்ரூடிரைவரால் பக்கத்துத் திருகாணியை ஒரு முடி அளவு திருப்புவார். மூடியிருந்த ஜன்னலைத் திறந்த மாதிரி வயலின் பளிச்சென்று வெளியே வரும். சங்கீதம் முறையாகத் தெரியாது, காது மட்டும் உண்டு. அவரும் ஒரு சேகரிப்பாளர் ஆகிவிட்டார். கடைக்கு வருகிற டேப் எல்லாம் அவர் காது வழியாகத்தானே போக வேண்டும்.

வித்வான்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்? ஒரே மாதிரி இல்லை. முன் வரிசையில் மைக்கைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி, "அதை எடுங்கோ" என்றவரை நான் பார்த்திருக்கிறேன். கச்சேரி முடிந்ததும், "எனக்கு ஒரு காப்பி கொடுப்பியாப்பா?" என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் கேசட்டில் கேட்கிறவன் டிக்கெட் வாங்கி ஏன் வருவான் என்பது ஒன்று. தொண்டை கட்டிய நாளில் பாடியதும் சாசுவதமாக ஊர் சுற்றும் என்பது இன்னொன்று. பாட்டு நிலைக்காது என்ற தைரியத்தில்தானே வித்வான் மேடையில் துணிந்து ஒன்றைத் தேடிப் பார்க்கிறார்.

சட்டம் அவர்களுக்கு அதிகம் உதவவில்லை. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் இயற்றியவருக்கு உரிமை உண்டு, தட்டு போட்ட கம்பெனிக்கு உரிமை உண்டு, மேடையில் பாடியவருக்குத் தனியாக ஒன்றும் இல்லை. பாடுபவரின் உரிமை என்று ஒன்று 1994 திருத்தத்தில்தான் வந்தது. முதலில் 25 வருஷம், 1999-இல் அதை 50 ஆக்கினார்கள். அப்போதும், தன் சொந்த உபயோகத்துக்கு, அல்லது பாடம், ஆராய்ச்சிக்குப் பதிவு செய்வது குற்றம் இல்லை என்று விதிவிலக்கு வைத்தார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்ததை நண்பனுக்குக் கொடுத்தால்? அங்கேதான் எங்கள் கூட்டம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு இந்தத் தகராறை வேறு விதமாகத் தீர்த்தது. பதிவு செய்துகொள், பரிமாறிக்கொள், விற்காதே என்று விட்டுவிட்டார்கள். 1984-இல் பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கினார்கள். டிக்கெட் விற்பனை குறையவில்லை. நம் சபாக்களில் அப்படி யாரும் செய்யவில்லை. சட்டைக்குள் மைக்கை ஒளித்து வைத்துக்கொண்டு, கைதட்டினால் அதிரும் என்று கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

ஆவடி சார் அப்படி ஒளித்து எடுக்கிறவர் இல்லை. பாதுகாப்புத் துறை குடியிருப்பில் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். 1960-களின் நடுவில் அவர் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பெரிய வித்வான் ஒருவரின் கச்சேரி. சார் தன் அண்ணாவின் கிரண்டிக் மெஷினை எடுத்துப்போய், வித்வானிடமே நேரில் அனுமதி கேட்டிருக்கிறார். அவரும், "உங்காத்தோட வெச்சுக்கோங்கோ, வெளியே போகப்படாது" என்று சொல்லிச் சம்மதித்தார். மூன்றேகால் மணி நேரம். சாருக்கு மிருதங்கம் என்றால் உயிர். தனியில் ஒரு விநாடியைக்கூட விடாமல் பிடித்திருந்தார். பதினெட்டு நிமிஷத் தனி. பாடகர் யார், மிருதங்கம் யார் என்று எழுதப் போவதில்லை. கொடுத்த வாக்கில் அந்த ஒரு பகுதியையாவது காப்பாற்றுகிறேன்.

ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரிலிருந்து ரயில் ஏறி, திருமுல்லைவாயல், அண்ணனூர் தாண்டி ஆவடியில் இறங்கி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அம்மா காபி கொடுப்பார்கள். அந்தக் கச்சேரியை மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் போடுவார். கேட்டு முடித்ததும் ஸ்பூலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். 1984-இல் ஒரு நாள் அவரே, "தம்பி, எனக்கு அப்புறம் இதைக் கேக்க ஆள் இல்லை. பையனுக்கு இதுல நாட்டம் கிடையாது. நீ ஒரு காப்பி எடுத்துக்கோ. ஆனா உன்னோட நிக்கணும்" என்றார். ஸ்பூல் வீட்டை விட்டு வெளியே போகாது என்பதால், நான் ரெக்சின் பையில் என் டெக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

என் பையில் இருந்தது இரண்டே சி-90. மூன்று மணி நேரம்தான் கொள்ளும். மாதக் கடைசி. மூன்றாவது கேசட் வாங்கக் கையில் காசு இல்லை. அடுத்த மாதம் வரலாம் என்றால், சாருக்கு மனசு மாறிவிட்டால்? அவர் சாப்பிட எழுந்து போயிருந்தார். ஸ்வரம் முடிந்து, கைதட்டல் கேட்டு, மிருதங்கம் ஆரம்பித்தது. நான் பாஸ் பொத்தானை அமுக்கினேன். பதினெட்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்து கேட்டேன். பல்லவி வந்ததும் விட்டேன். மங்களம் வரை கச்சிதமாக அடங்கியது. கேசட் முதுகில் 'தனி இல்லை' என்று எழுதும்போது எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்தேன். சாரிடம் சொல்லவில்லை.

அடுத்தது இதைவிட மோசம். இரண்டு வருஷம் கழித்துப் பூந்தமல்லி நண்பரிடம் மாலியின் புல்லாங்குழல் கச்சேரி ஒன்று வந்து சேர்ந்தது. மாலி கச்சேரிக்கு வந்தாலும் வருவார், வராமலும் போவார். வந்து வாசித்த நாள் நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. அந்தப் பதிவு அப்படிப்பட்ட நாள். "உங்களிடம் இருக்கும் அந்தக் கல்யாணக் கச்சேரியைக் கொடுங்கள், இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு கொடுத்தேன். வெளியே விடமாட்டேன் என்று அவரிடம் நான் சத்தியம் வாங்கினேன், நான் செய்துகொடுத்த சத்தியத்தை உடைத்த கையோடு!

விஷயம் எப்படி ஆவடிக்கு எட்டியது என்று எனக்குத் தெரியும், எழுதிப் பயனில்லை. சார் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது அம்மா காபி கொடுத்தார்கள். சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் ஹார்டு டிஸ்க் வந்தது. எங்கள் பட்டியல்களில் இருந்தவை எல்லாம் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன. மியூசிக் அகாடமியில் டேக் நிறுவனத்தின் உதவியோடு ஒரு கேட்பு மையம் இருக்கிறது. தொடுதிரையில் தேர்ந்தெடுத்து, பழைய கச்சேரிகளை உட்கார்ந்து கேட்கலாம். போய்ப் பாருங்கள், ஒரு முழு நாள் தேவைப்படும். சுருதி ஏறியவற்றைக் கம்ப்யூட்டரில் இறக்கிச் சரி செய்கிறார்கள். வெட்டிய தனிகளைத்தான் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒட்ட முடியவில்லை.

ஓய்வு பெற்றபின் சார் கொரட்டூரில் தரைத்தள வீட்டில் இருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீரோவின் கீழ்த்தட்டு இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. சார் அதற்கு மூன்று வருஷம் முன்பே காலமாகிவிட்டார். ஸ்பூல்களை மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டதாக அவர் பையன் பிறகு சொன்னார். என் கேசட் இரண்டும் ஏற்கனவே பூஞ்சை பிடித்து ஓடாமல் போயிருந்தன.

மூன்று வருஷம் முன்பு சிங்கப்பூரிலிருந்து ஒரு ரசிகர், ஒரு நண்பர் மூலமாக என்னைத் தேடிப் பிடித்து, பழைய கச்சேரி ஒன்றை அனுப்பி, பக்கவாத்தியம் யார் என்று அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார். போட்டேன். முதல் நிமிஷத்திலேயே, மைக்குக்குப் பக்கத்தில் இருந்து "பேஷ்" என்று ஒரு குரல். ஆவடி சாரின் குரல், முப்பத்தைந்து வயதில். பூந்தமல்லி நண்பர் சத்தியத்தை மீறியிருக்கிறார். நான் மீறிய மாதிரியேதான். அவர் மீறியதால்தான் அந்தக் கச்சேரி பூமியில் இருக்கிறது.

பையனைக் கூப்பிட்டு என் ஃபோனில் போட்டுக் காட்டினேன். அப்பாவின் குரல் வந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார். பாட்டில் அவருக்கு நாட்டம் இல்லை என்றாலும் எழுந்து போகவில்லை. முழுவதும் உட்கார்ந்து கேட்டார். இரண்டாவது மணி தாண்டி, ஸ்வரம் முடிந்து, கோர்வை விழுந்து, கைதட்டல் வந்தது.

"அப்பா இந்த இடத்துலதான் மிருதங்கம் வரும், வரும்னு விரலைத் தூக்கிட்டு உக்காந்திருப்பார்" என்றார்.

'டக்' என்று கேட்டது. பாடகர் பல்லவியை எடுத்தார்.